அப்பாவின் ஒப்போ பிளேயர்: ஐயாயிரமா, ஐந்து இலட்சமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். முக்கியமான பகுதியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"என் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்த காலத்தில், 2013இல், ஒப்போ பிடிபி-105 என்ற டிஸ்க் பிளேயரை வாங்கினார். வீட்டில் அதைத் தொட எங்களுக்கு அனுமதியே இருக்கவில்லை. இப்போது அப்பா ரொறன்ரோவில் அண்ணாவோடு இருக்கப் போகிறார். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. பிளேயரை விற்கலாம் என்று காலி வீதியில் ஒரு கடையில் விசாரித்தேன். 'ஒப்போ என்றால் போன் கம்பனிதானே, இப்போது யார் சீடி கேட்கிறார்கள், ஐயாயிரம் தருகிறோம்' என்றார்கள். இணையத்தில் தேடினால் ஒருவர் அதே மாடலுக்கு நம் காசில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வருகிற விலை போட்டிருக்கிறார். எது சரி? இன்னொரு பிரச்சினை, சில நாட்களில் டிஸ்க்கைப் போட்டால் 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. இரண்டாவது தடவை போட்டால் பாடும். சித்தப்பாவின் மகன் திறந்து லேசரைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்கிறான். பெட்டியும் ரிமோட்டும் இருக்கின்றன. அப்பா விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'கேட்கத் தெரிந்த ஆளிடம் கொடு' என்று மட்டும் சொன்னார்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உடனடியாகச் செய்யவேண்டிய இரண்டு விடயங்கள். கடைக்காரரிடம் பிளேயரைக் கொடுத்துவிடாதீர்கள். தம்பியை அதைத் திறக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். இரண்டு மாதம் போதிய அவகாசம்.

நீங்கள் கேட்ட இரண்டு விலைகளும் பிழை. ஐயாயிரம் என்பது உடைத்து உதிரிப்பாகமாக்கும் விலை. ஐந்து இலட்சம் என்பது ஒருவர் கேட்கிற விலை. யாராவது அதைக் கொடுத்தார்களா என்பது வேறு கதை. உங்கள் பிளேயரின் உண்மையான விலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அது எங்கே என்பதைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த 'நோ டிஸ்க்' விவகாரம்தான். ஆகவே விலையைப் பிறகு பேசுவோம்.

கையில் இருப்பது என்ன பொருள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாங்க வருபவருக்கு அது தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரியாவிட்டால் பேரத்தில் நீங்கள்தான் தோற்பீர்கள். ஒப்போ டிஜிட்டல் என்பது கலிபோர்னியாவிலிருந்து இயங்கிய நிறுவனம். போன் செய்கிற ஒப்போவோடு அதற்கு உறவு உண்டு, ஆனால் டிஸ்க் பிளேயர்களுக்கென்றே தனியாக நடந்தது. 2018 ஏப்ரலில் புதிய தயாரிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தரத்தில் எல்லா வகை டிஸ்க்கையும் ஒரே பெட்டியில் வாசிக்கிற பிளேயர் சந்தையில் அருமையாகிவிட்டது. உங்கள் 105 சீடி, எஸ்ஏசீடி (சீடியைவிட உயர்தரமாக ஒலி பதிந்த டிஸ்க்), டீவீடி, டீவீடி ஓடியோ, ப்ளூரே எல்லாவற்றையும் வாசிக்கும். உள்ளே இஎஸ்எஸ் நிறுவனத்தின் சேபர் ஈஎஸ்9018 என்ற, டிஜிட்டல் ஒலியை அனலொக் ஒலியாக மாற்றும் சிப் இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இரு சனல் ஸ்டீரியோவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெரிய வட்ட ட்ரான்ஸ்போமர் உண்டு, விசிறி கிடையாது. பின்பக்கத்தில் சாதாரண ஆர்சிஏ சொருகியோடு எக்ஸ்எல்ஆர் வெளியீடும், முன்பக்கத்தில் ஹெட்போன் சொருகியும் இருக்கும்.

கடைக்காரருக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. இந்தப் பெட்டி வெளியிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலியையும் உள்ளே வாங்கும். கணினியை யூஎஸ்பி வழியாகவும், டிவியை ஒப்டிகல் வழியாகவும் இணைத்தால் இது ஒரு நல்ல டிஏசியாக, அதாவது டிஜிட்டல் ஒலியை அனலொக்காக மாற்றும் கருவியாக, வேலை செய்யும். ஒலியளவையும் இதிலேயே கட்டுப்படுத்தலாம் என்பதால் பவர் அம்ப்ளிஃபயருக்கோ (அம்ப்), அம்ப் உள்ளேயே உள்ள ஸ்பீக்கருக்கோ நேரடியாகக் கொடுக்கலாம். 'இப்போது யார் சீடி கேட்கிறார்கள்' என்ற கேள்விக்கு இதுதான் பதில். டிஸ்க்கே போடாதவருக்கும் இது பயன்படும். அப்படிப்பட்டவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

சரி, இப்போது சோதனை. இதற்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள், அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிளேயரை அவருடைய அம்பிலும் டிவியிலும் வழக்கம்போல இணைத்தபடியே இருக்கட்டும்.

இந்தப் பிளேயர் மூன்று நிற ஒளியால் வாசிக்கிறது. சீடிக்கு 780 நனோமீற்றர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டீவீடிக்கும் எஸ்ஏசீடிக்கும் 650, சிவப்பு. ப்ளூரேக்கு 405, நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்டது. ஆகவே 'பிளேயர் வேலை செய்கிறது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது. சீடி வடிவாகப் பாடும், டீவீடி திக்கும், ப்ளூரேயை அறவே அறியாது என்ற நிலையில் எத்தனையோ பிளேயர்கள் பட்டறைக்கு வருகின்றன. வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்காது, ஏனென்றால் அவர் சீடி மட்டும்தான் போடுவார். உங்களுக்கு எந்த நாளில், எந்த வகை டிஸ்க்குக்கு 'நோ டிஸ்க்' வருகிறது என்று கடிதத்தில் இல்லை. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு வகையிலும் கீறல் இல்லாத ஒரு டிஸ்க் எடுத்து, ஒவ்வொன்றையும் பல தடவை போட்டு எடுத்து, ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

எஸ்ஏசீடியில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான எஸ்ஏசீடிகள் இரண்டு அடுக்கு கொண்டவை. கீழே உயர்தர அடுக்கு, மேலே சாதாரண சீடி அடுக்கு. 650 லேசர் பலவீனமாக இருந்தால் பிளேயர் சத்தமில்லாமல் சீடி அடுக்கை வாசித்துப் பாடிக்கொண்டிருக்கும். கேட்பவர் எஸ்ஏசீடி பாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். திரையில் எஸ்ஏசீடி என்று வருகிறதா, சீடி என்று வருகிறதா என்று பாருங்கள். சீடி என்று வந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். அமைப்புப் பட்டியலில் எஸ்ஏசீடியின் எந்த அடுக்கை முதலில் வாசிப்பது என்ற தெரிவு இருக்கிறது. அப்பா எப்போதாவது சீடி என்று மாற்றி வைத்திருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகும் சீடி என்றே வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் எஸ்ஏசீடியே இல்லையென்றால் டீவீடி ஒன்று போதும். இரண்டுக்கும் அலைநீளம் ஒன்றுதான் என்பதால், டீவீடி முழுவதும் தடங்கலில்லாமல் ஓடினால் எஸ்ஏசீடியும் ஓடுவதற்கான வாய்ப்பு அதிகம்.

சீடியைச் சோதிக்கும்போது முதல் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். சீடி உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவது. கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். லேசர் ஊர்ந்து செல்லும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருந்தால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். நீளமான கச்சேரி சீடி ஒன்று, எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடுவது, அப்பாவிடம் நிச்சயம் இருக்கும். கடைசிப் பாட்டுக்குத் தாவிப் போங்கள், திரும்ப முதல் பாட்டுக்கு வாருங்கள். வீட்டில் எழுதிய சீடி ஒன்றையும் போடுங்கள். அதன் ஒளி பிரதிபலிப்பு அச்சடித்த சீடியைவிடக் குறைவு. லேசர் சோர்ந்துபோகும்போது முதலில் கைவிடப்படுவது அதுதான். பிறகு பிளேயரை ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியபின் எல்லாவற்றையும் இன்னொரு தடவை.

நீங்கள் சொல்கிற மாதிரி சில நாட்களில் மட்டும் வருவதும், இரண்டாவது தடவை சரியாவதும், லேசர் செத்துவிட்டதற்கான அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இருக்கும் வீடு என்றால் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும். யன்னல் திறந்தே கிடக்கும் வீடுகளில் லென்ஸின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடுகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தவுடன் போட்டுப் பார்த்தால் லென்ஸ் வியர்த்தும் இருக்கலாம். அரை மணி நேரம் விட்டால் போய்விடும். படலத்தைத் துடைப்பது தெரிந்தவர் கையில் சின்ன வேலை. மூடியைத் திறந்து, ஊதி, தூய ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் துடைக்க வேண்டும். கடைகளில் விற்கிற தூரிகை ஒட்டிய 'லென்ஸ் கிளீனர்' டிஸ்க்கைப் போடவேண்டாம். அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுழலும் தூரிகை அதற்கு நல்லதில்லை.

தம்பி சொல்கிற திருகல் பற்றி. பழைய சீடி பிளேயர்களின் லேசர் தொகுதியில் ஒரு குட்டித் திருகி இருக்கும். அதைத் திருப்பினால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும், சோர்ந்த லேசர் சில வாரமோ மாதமோ உயிர்த்தெழும், பிறகு முற்றாக எரிந்துபோகும். விற்பதற்கு முன் அப்படிச் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம். தம்பி அந்த எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விளைவு அதுதான். அதோடு, இந்த மாடலுக்கு லேசர் தொகுதி வேண்டுமென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போய் வாங்கிவர முடியாது. தயாரிப்பு நின்ற பொருள். ஒரு தடவை கெட்டால் இன்னொரு 105இலிருந்து கழற்றி எடுக்கவேண்டிய நிலைதான் வரும்.

டிஸ்க்கோடு சோதனை முடிந்துவிடாது. ஆர்சிஏ, எக்ஸ்எல்ஆர் இரண்டிலும் இடது வலது சத்தம் சமமாக வருகிறதா, ஹெட்போன் சொருகியில் கரகரப்பு இருக்கிறதா, ஒப்டிகல், யூஎஸ்பி உள்ளீடுகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கச் சொருகிகள் கறுத்திருந்தால் அது கடற்காற்று. சுத்தப்படுத்தலாம், விலையை அவ்வளவாகப் பாதிக்காது. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இதை எப்படி வைத்திருந்தார் என்று அப்பாவிடம் கேளுங்கள். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் பாய்ந்த அதிர்ச்சியால் அந்த வருடம் கெட்டுப்போன பவர் சப்ளைகள் ஏராளம். பிளக்கைக் கழற்றி வைத்திருந்தார் என்றால் அதை வாங்குபவரிடம் சொல்லலாம். அது நல்ல செய்தி. அதேபோல இதை அம்பின் தலைமேல் வைத்திருந்தாரா, தனித் தட்டிலா என்பதும். விசிறி இல்லாத பெட்டி மேற்பக்கத்தால்தான் மூச்சு விடும்.

இப்போது விலை. 105 அமெரிக்காவில் வெளிவந்தபோது 1,199 டொலர். 2013இல் டொலர் 130 ரூபா அளவில் இருந்தது. அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா. அதே 1,199 டொலரை இன்று 300 ரூபா வீதத்தில் பெருக்கினால் மூன்றரை இலட்சத்தைத் தாண்டிவிடும். இதனால்தான் நம் நாட்டில் பழைய மின்னணுப் பொருளுக்கு விலை சொல்வது குழப்பமாகிறது. 'வாங்கியதே ஒன்றரை இலட்சம், பத்து வருடம் போய்விட்டது, அம்பதாயிரம் போதும்' என்று சொல்கிறவர் ரூபாவின் வீழ்ச்சியை மறந்துவிடுகிறார். 'இன்றைய காசில் மூன்றரை இலட்சம், ஒரு ரூபா குறைக்கமாட்டேன்' என்கிறவர் பத்து வருடப் பாவனையை மறந்துவிடுகிறார். வாங்கிய விலையை ரூபாவிலும் டொலரிலும் ஒதுக்கி வையுங்கள். இந்த மாதம் இந்த மாடல் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஈபேயில் தேடும்போது விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டு என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் விளம்பரம் செய்தவர்களின் ஆசை மறைந்து, பணம் கொடுத்தவர்களின் விலை தெரியும். ஹைஃபைசார்க் என்ற தளம் பல நாடுகளின் பழைய ஓடியோ விளம்பரங்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும். அங்கே பார்ப்பவை கேட்கிற விலைகள், ஆனாலும் போக்குத் தெரியும். 105ஐயும் 105டீ என்ற அதன் மாற்று மாடலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பின்னால் வந்த யூடிபி-205ஐயும். 205க்கு, கம்பனி நிறுத்தியபின், புதிதாக விற்ற விலையைவிடவும் கூடக் கொடுத்து வாங்கினார்கள். அந்த விலையைப் பார்த்து 105க்கு ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நீங்கள் பார்த்த அந்த ஐந்து இலட்சம் 205ஆக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னொரு தடவை பாருங்கள்.

விற்றுமுடிந்த விலைகளில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். உதாரணத்துக்கு அது 500 டொலர் என்று வந்தால், இன்றைய வீதத்தில் ஒன்றரை இலட்சம் ரூபா. கொழும்பில் இருக்கும் ஒருவர் அதே பிளேயரை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் எட்டுக் கிலோ பெட்டிக்கு அனுப்புசெலவும் சுங்கத் தீர்வையும் கொடுக்க வேண்டும், வழியில் உடைந்தால் கேட்க ஆளில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டுப் பார்த்து எடுத்துப் போகலாம். இது உங்கள் பக்கம் உள்ள பலம். மறுபக்கத்தில், இங்கே இதன் அருமை தெரிந்தவர்கள் குறைவு, பிறகு பழுதானால் பாகம் கிடைக்காது. என் அபிப்பிராயம், எல்லா டிஸ்க்கும் ஓடினால் வெளிநாட்டில் விற்றுமுடிந்த விலையையே கேளுங்கள், ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்கத் தயாராக இருங்கள். அதற்குக் கீழே போகவேண்டாம். சீடி மட்டும் நம்பிக்கையாக ஓடி, ப்ளூரேயோ டீவீடியோ தடுமாறினால் ஏறத்தாழ அரைவாசி. ஒன்றுமே ஓடாவிட்டாலும் டிஏசியாக வேலை செய்கிறதென்றால் ஐயாயிரத்துக்கு நிச்சயம் கொடுக்க வேண்டியதில்லை.

விளம்பரத்தை இக்மன் விளம்பரத் தளத்தில் போடலாம், பேஸ்புக்கில் இலங்கை ஓடியோ ஆர்வலர்களின் குழுக்களிலும் போடலாம். தமிழில் மட்டும் போடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதி, கீழே இரண்டு வரி சிங்களத்திலும் சேருங்கள். நுகேகொடையிலும் இராஜகிரியவிலும் வீட்டுத் திரையரங்கு வைத்திருக்கும் ஒருவர்தான் கடைசியில் வாங்குவார் என்பது என் ஊகம். தலைப்பில் மாடலின் முழுப் பெயரும் எஸ்ஏசீடி, ப்ளூரே, டிஏசி என்ற சொற்களும் இருக்கட்டும். இவற்றை வைத்துத்தான் தேடுவார்கள். வாங்கிய வருடம், ஒரே கையில் இருந்தது, பெட்டியும் ரிமோட்டும் உண்டு, எந்தெந்த வகை டிஸ்க் சோதிக்கப்பட்டது, என்ன குறை என்பதை எழுதுங்கள். 'சில வேளைகளில் முதல் தடவை டிஸ்க்கை அறிவதில்லை, லென்ஸ் சுத்தம் செய்தபின் சரி' என்றோ, 'சுத்தம் செய்தபின்னும் வருகிறது' என்றோ உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இதை எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இந்தப் பொருளைத் தேடுகிறவர் விபரம் தெரிந்தவர். பத்து வருடப் பிளேயரில் ஒரு குறையுமே இல்லை என்று எழுதியவரிடம் போக அவர்தான் தயங்குவார்.

படங்களில் ஒன்று, எஸ்ஏசீடி ஓடும்போது முன்திரை எரிந்தபடி இருக்கட்டும். பின்பக்கச் சொருகிகள் ஒரு படம், ரிமோட்டும் வைஃபை யூஎஸ்பி குச்சியும் பெட்டியும் ஒரு படம். வரிசை இலக்கத்தின் கடைசி எண்களை மறைத்துவிடுங்கள். இதில் இருந்த இணைய வீடியோ சேவைகளைப் பற்றி விளம்பரத்தில் வாய் திறக்க வேண்டாம். இத்தனை வருடம் கழித்து அவற்றை நம்பி யாரும் வாங்கக்கூடாது.

எந்தப் பிரதேசத்து டிஸ்க் இதில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் வலயக் குறியீடு பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். சிங்கப்பூரில் வாங்கியது என்றால் டீவீடிக்கு வலயம் 3, ப்ளூரேக்கு ஏ. இலங்கை டீவீடிக்கு 5, ப்ளூரேக்கு சீ. அப்பா இங்கே வாங்கிய டீவீடிகள் இதில் ஓடியிருந்தால் சிங்கப்பூரில் விற்ற கடைக்காரர் அப்போதே வலயப் பூட்டை நீக்கிக் கொடுத்திருக்கலாம். அப்பாவிடமே கேட்டுவிடுங்கள். சீடிக்கும் எஸ்ஏசீடிக்கும் வலயம் கிடையாது, இசைக்காக மட்டும் வாங்குபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மின்சாரப் பக்கம் பிரச்சினை இல்லை, சிங்கப்பூரும் நம்மைப் போல 230 வோல்ற், 50 ஹேட்ஸ். பின்பலகையில் வோல்ற் தெரிவுச் சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்பா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது வியாபாரமாகவும் நல்ல ஆலோசனை. கேட்கத் தெரிந்த ஆள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். பிளேயரைப் பெட்டிக்குள் போட்டு, தொலைபேசியில் விலை பேசி, வாசலில் வைத்துக் கொடுக்கிற பொருள் இதுவல்ல. அப்பாவின் அம்பும் ஸ்பீக்கரும் இன்னும் அதே இடத்தில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். அவற்றை முதலில் விற்றுவிட்டால் பிளேயரை ஓட்டிக் காட்ட வழியிருக்காது. வருகிறவரிடம் தன்னுடைய சொந்த டிஸ்க்குகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்பாவே ஓட்டிக் காட்டட்டும். எந்த நாளில் வாங்கினார், என்னென்ன கேட்டார் என்று அவர் பேசுவதைக் கேட்டாலே பொருள் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று வந்தவருக்கு விளங்கிவிடும். 'சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன்' என்று இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவரும் வருவார். அவரையும் மரியாதையாக அனுப்புங்கள். பல சமயம் அவருடைய நண்பர்தான் வாங்குவார்.

பகல் நேரத்தில் வரச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவரும் இருக்கட்டும். பணம் காசாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ வரட்டும், காசோலை வேண்டாம். பரிமாற்றம் என்றால் வாங்குபவர் காட்டுகிற ஸ்கிரீன்சொட்டை நம்பாதீர்கள். அதைப் போலியாகச் செய்வது சில நிமிட வேலை. இப்போது வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்றம் பெரும்பாலும் நிமிடங்களில் வந்துவிடும், உங்கள் கணக்கில் தொகை ஏறியதை நீங்களே பார்த்தபின் பெட்டியைக் கொடுங்கள். வெளியூரிலிருந்து 'கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை டெலிவரிக்காரரிடம் கொடுங்கள்' என்று யாராவது எழுதினால் பதிலே போடவேண்டாம். ஒரு தாளில் மாடல், வரிசை இலக்கம், திகதி, விலை, சொன்ன குறைகள், கேட்டுப் பார்த்து வாங்கியது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடையில் வைத்து விற்றுத் தருகிறோம் என்று யாராவது முன்வந்தாலும் அதே மாதிரி எழுத்தில் வாங்குங்கள்: கழிவு எத்தனை வீதம், குறைந்தபட்ச விலை என்ன, எந்தத் திகதிக்குள் விற்காவிட்டால் திருப்பித் தருவது.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. அப்பாவின் டிஸ்க்குகளை என்ன செய்யப்போகிறீர்கள்? 'பிளேயரோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்' என்ற எண்ணம் இருந்தால் பொறுங்கள். எஸ்ஏசீடிகளுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. அச்சில் இல்லாத சிலவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும். அவற்றைப் பட்டியலிட்டுத் தனியாக விற்கலாம், அல்லது பேரத்தில் வாங்குபவர் கடைசி ஐயாயிரத்தைக் குறைக்கச் சொல்லும்போது இரண்டு மூன்று டிஸ்க்கைச் சேர்த்துக் கொடுக்கலாம். கர்நாடக இசையும் தவில் நாதஸ்வரமும் இளையராஜாவும் இருக்கிற சாதாரண சீடிகளுக்குப் பணமாக அதிகம் கிடைக்காது. அவற்றை விற்கவேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. சீடி ட்ரைவ் உள்ள கணினி ஒன்றில் அவற்றை ஃப்ளாக் வடிவில் பிரதி எடுத்துவிடுங்கள். எம்பி3 வேண்டாம். ஃப்ளாக்கில் தரம் துளியும் குறையாது, ஒரு சீடி பெரும்பாலும் 300, 400 மெகாபைட்டுக்குள் அடங்கும். முந்நூறு சீடி இருந்தாலும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஹார்ட் டிஸ்க் போதும், ரொறன்ரோவில் முதல் நாளிலிருந்தே அப்பா கேட்கலாம். எஸ்ஏசீடியின் உயர்தர அடுக்கைக் கணினி ட்ரைவால் வாசிக்க முடியாது, சீடி அடுக்கை மட்டும் எடுக்கலாம். இந்த வேலைக்குத் தம்பியைப் பிடியுங்கள். அவனுக்கு இருக்கிற ஆர்வத்துக்கு இது பொருத்தமான வேலை.

அப்பாவே பிளேயரைக் கொண்டுபோக விரும்புகிறாரா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? 'கேட்கத் தெரிந்த ஆளிடம் கொடு' என்றவர் விற்கச் சொன்னாரா, விட்டுப்போவதற்குச் சம்மதித்தாரா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற். பின்பலகையில் அதற்கான தெரிவு இருந்தால் அங்கேயும் ஓடும். எட்டுக் கிலோவும் பெட்டியும் பயணப் பொதியில் கொஞ்சம் இடம் பிடிக்கும், முடியாத காரியமில்லை. அவர் வேண்டாம் என்றால் சரி, ஆனால் கேட்டுவிட்டு விற்பது நல்லது.

விற்ற நாளில் செய்யவேண்டியவை: டிஸ்க் தட்டு வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள், அமைப்புப் பட்டியலில் போய்த் தொழிற்சாலை நிலைக்கு மாற்றி உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல்லை அழித்துவிடுங்கள், முற்றாக ஆறியபின் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியின் நுரை அட்டையில் பூஞ்சணம் பிடித்திருந்தால் இப்போதே வெயிலில் போட்டுக் காயவையுங்கள். மழைக்காலத்தில் அந்த வேலை நடக்காது.

சோதனைத் தாளை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்த டிஸ்க், எத்தனை தடவையில் எத்தனை தடவை 'நோ டிஸ்க்', பிளேயர் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா என்ற விபரம் போதும். லென்ஸைச் சுத்தப்படுத்துவதோடு தீருமா, லேசர் தொகுதியைப் பார்க்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை விளம்பரம் போடவேண்டாம்.